சான்றுள்ள அட்டையா, சான்றில்லா அட்டையா?

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளிலும் போக்கிமான் அட்டைகளிலும் பணம் போடும் வழக்கம், அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் வட்டத்தைத் தாண்டி நம் ஆய்வு மாணவர் விடுதிகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பொருளியல் துறையில் இருப்பதால் என்னிடமும் சிலர் யோசனை கேட்கின்றனர். பணம் போடலாமா என்று எவரும் கேட்பதில்லை. அதை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வருகின்றனர். தரச்சான்று பெற்ற அட்டையை வாங்குவதா, சான்றில்லாத அட்டையை மலிவாக வாங்கி நாமே சான்றுக்கு அனுப்புவதா என்பதே அவர்களது ஐயம். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் இதில் இறங்குவதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலீடு என்னும் எண்ணத்தோடு ஒரு புதியவர் அட்டை வாங்குவாராயின், சான்றுள்ளதையே வாங்க வேண்டும். ஆனால் உச்ச மதிப்பெண் பெற்ற அட்டையைத் தொடக் கூடாது. இவ்விரண்டு கூற்றுகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. முதற்கூற்றை ஏற்போர் பலர்; இரண்டாவதை ஏற்போர் மிகச் சிலர்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அட்டையின் நிலையை ஆராய்ந்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, பெயர்ச்சீட்டோடும் தொடரெண்ணோடும் கெட்டியான நெகிழிப் பேழைக்குள் அடைத்துத் தருவதே தரமிடல். 'ஸ்லாப்' என்று சேகரிப்பாளர் அழைப்பது இந்தப் பேழையைத்தான். இம்முறை நாணயச் சந்தையிலிருந்து வந்தது. டேவிட் ஹால் என்பவர் 1986-இல் நாணயங்களுக்குத் தரமிடும் பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார், அதன் வழியிலேயே 1991-இல் அட்டைகளுக்காகப் பி.எஸ்.ஏ. தோன்றியது. பின்னர் வந்த பெக்கெட் நிறுவனம் அரை மதிப்பெண்களையும், மையம், மூலை, விளிம்பு, மேற்பரப்பு என நான்கு துணை மதிப்பெண்களையும் புகுத்தியது. எஸ்.ஜி.சி., சி.ஜி.சி. என இன்னும் சில நிறுவனங்கள் உள்ளன. மதிப்பெண் ஒன்று கூடினால் விலை ஒரு மடங்கு கூடுவதுமுண்டு, பத்து மடங்கு கூடுவதுமுண்டு. இந்த விலைப் பாய்ச்சல்தான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

பொருளியல் மாணவர்க்கு இங்கே ஜார்ஜ் அகர்லாஃப் நினைவுக்கு வராமல் இரார். பழைய கார்களைப் பற்றி அவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரை, வெளிவரும் முன் மூன்று ஆய்விதழ்களால் மறுக்கப்பட்டது. 2001-இல் அதற்காகவே நோபல் பரிசு வந்தது. விற்பவர்க்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவர்க்குத் தெரியாது; ஆகவே வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையையே தர முன்வருவார்; அவ்விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்கமாட்டார்; சந்தையில் கழிசடையே எஞ்சும். 1967-68-இல் தில்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு தங்கியிருந்த அகர்லாஃப், நம் நாட்டு வட்டிக்கடைக்காரர்களையும் மேலாண்மை முகமைகளையும் அக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கையாண்டிருக்கிறார் என்பதை நம் வகுப்புகளில் ஏனோ எவரும் அழுத்திச் சொல்வதில்லை.

சான்றில்லா அட்டைகளின் சந்தை, அகர்லாஃப் வருணித்ததைவிட ஒரு படி மோசமானது. பழைய கார் விற்பவர்க்குக் காரின் குறை தெரியும் என்பதோடு அங்கே கதை முடிகிறது. அட்டை விற்பவர் கையிலோ சான்று பெறும் வாய்ப்பும் இருக்கிறது. கட்டணம் செலுத்தி அனுப்பினால் பத்து கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தால், ஏன் அனுப்பவில்லை? பெரிய வணிகரிடம் உருப்பெருக்கி உண்டு, பல்லாயிரம் அட்டைகளைப் புரட்டிய கண் உண்டு, மொத்தமாக அனுப்பினால் கட்டணச் சலுகையும் உண்டு. அவர் ஒவ்வோர் அட்டையையும் சலித்து, பத்து பெறத் தக்கதைச் சான்றுக்கு அனுப்பிவிட்டு, மூலை மழுங்கியதையும் மையம் விலகியதையும் 'சான்றில்லா அட்டை' என்று உங்களுக்கு விற்கிறார். அரிசி புடைத்தபின் முறத்தில் நிற்பது எதுவென்று நமக்குத் தெரியும். சான்று இல்லாமையே இங்கு ஒரு சான்று.

இது வெறும் ஊகமன்று. ஜிஞ்சர் ஜின், ஆண்ட்ரூ கேட்டோ என்னும் இரு பொருளியலாளர்கள், ஈபே தளத்தில் சான்றில்லா பேஸ்பால் அட்டைகளைத் தாமே விலைகொடுத்து வாங்கி, பின்பு அவற்றைத் தரமிடலுக்கு அனுப்பிப் பார்த்தனர். 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு எளிமையானது. 'இது ஒன்பது தேறும், பத்து தேறும்' என்று விற்பவரே சொல்லிக்கொண்ட அட்டைகளுக்கு வாங்குவோர் கூடுதல் விலை கொடுத்தனர். அவ்வாறு சொல்லப்பட்ட அட்டைகளின் உண்மைத் தரமோ மற்றவற்றைவிட உயர்ந்திருக்கவில்லை. போலி அட்டை வருவதும், பணம் போய் அட்டை வராமலிருப்பதும் அத்தகைய விற்பனைகளில்தான் மிகுதி. நற்பெயர் பெற்ற விற்பனையாளரோ அப்படிப் பெருமை பேசுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். விளம்பர வரியில் 'பத்து உறுதி' என்று கண்டால் விலகிச் செல்லலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுவதில்லை.

ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. முறை எங்கும் பொருந்தும். ஓர் அட்டை சான்றின்றி 100 டாலர். தரமிடலும் அஞ்சலும் சேர்த்து 40 டாலர். பத்து கிடைத்தால் 400, ஒன்பதானால் 120, எட்டானால் 80 டாலருக்கு விற்கும் என்று கொள்வோம். விற்பனைத் தளம் 13 விழுக்காடு பிடித்துக்கொண்டால் கையில் வருவது முறையே 348, 104, 70 டாலர் அளவில். பத்துக்கான வாய்ப்பு 20 விழுக்காடு, ஒன்பதுக்கு 50, எட்டுக்கு 30 என்றால், எதிர்பார்ப்பு மதிப்பு 143 டாலரை ஒட்டி நிற்கும். போட்டது 140. மூன்று டாலர் ஆதாயம்! இதைத்தான் காணொளிகளில் 'வாய்ப்பு' என்கிறார்கள். இப்போது மேற்சொன்ன சலிப்பைக் கணக்கில் சேர்ப்போம். நல்லவற்றை விற்பவர் முன்பே எடுத்துவிட்டதால் பத்துக்கான வாய்ப்பு 5 விழுக்காடாகவும், ஒன்பதுக்கு 45 ஆகவும், எட்டுக்கு 50 ஆகவும் மாறினால், எதிர்பார்ப்பு மதிப்பு 99 டாலர். 140 போட்டு 99 எடுப்பது முதலீடு ஆகாது. காணொளியில் வருபவர் முதல் விகிதங்களைச் சொல்கிறார். புதியவர்க்கு வாய்ப்பவை இரண்டாம் விகிதங்கள்.

இந்தியாவிலிருந்து வாங்குவோர்க்கு இக்கணக்கு இன்னும் கசக்கும். பெரிய தரமிடல் நிறுவனங்களின் ஆய்வகங்கள் அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் இருக்கின்றன. போகவர அஞ்சல், காப்பீடு, சுங்கம், நாணயமாற்று என ஒவ்வொன்றும் ஒரு வாய் உண்ணும். இடையில் மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம்: 2021-இல் அட்டைப் பித்து உச்சத்தில் இருந்தபோது, குவிந்த அட்டைகளைச் சமாளிக்க இயலாமல் பி.எஸ்.ஏ. தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. முன்பே அனுப்பியவர்களுள் பலருக்கு அட்டை திரும்பி வருவதற்குள் விலை இறங்கிவிட்டது.

இதுவரை சான்றின் பக்கம் பேசினேன். இனி அதன் மறுபக்கம்.

பேழைக்குள் இருக்கும் எண்ணைப் பலர் தங்கத்தின் ஹால்மார்க் முத்திரை போலக் கருதுகின்றனர். இவ்வொப்புமை பிழையானது. 916 என்று முத்திரையிட்ட நகையை வேறொரு நடுவத்தில் சோதித்தாலும் ஏறக்குறைய அதே தூய்மைதான் வரும். அது உலோகத்தின் பண்பு. அட்டையின் மதிப்பெண்ணோ ஒரு பயிற்சி பெற்ற மனிதர், குறித்த ஒரு நாளில், சில மணித்துளிகளில் கொண்ட கருத்து. அதே அட்டையைப் பேழையை உடைத்து எடுத்து மீண்டும் அனுப்பினால் ஒன்பது பத்தாகலாம், எட்டும் ஆகலாம். இதையே தொழிலாகச் செய்வோர் உள்ளனர். எட்டாக இறங்கக்கூடும் என்று தோன்றுவதை அவர்கள் உடைப்பதில்லை. பத்தாக ஏறக்கூடும் என்று தோன்றுவதை மட்டுமே உடைக்கின்றனர். காலப்போக்கில் இதன் விளைவு என்னவென்று யோசியுங்கள். சற்றே கைகொடுத்த நாளில் பத்து வாங்கிய அட்டை எவராலும் மீண்டும் உடைக்கப்படுவதில்லை. அது அப்படியே நிலைக்கிறது. ஒன்பதுகளுள் சிறந்தவை ஒவ்வொன்றாக மேலேறிச் செல்கின்றன. எனவே பத்து என்னும் கூட்டத்தில் ஒன்பதரைகள் கணிசமாகக் கலந்திருக்கும். புள்ளியியல் பயின்றவர்க்கு இது புதிதன்று. நடந்தது சலிக்கப்பட்ட மாதிரி.

சான்றின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஓர் அட்டை உண்டு. அமெரிக்கப் புகையிலைக் குழுமம் 1909-11 காலத்தில் சிகரெட் பெட்டிகளில் வைத்து வெளியிட்ட டி-206 வரிசையில் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரியது. அவற்றுள் ஒன்றை 1991-இல் பனிவளைகோல் பந்தாட்ட வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்னாலும் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தனர். பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் அட்டை அதுதான். தொடரெண் 1, மதிப்பெண் 8. அத்தனை பழைய அட்டைக்கு அது வியக்கத்தக்க மதிப்பெண். 2007-இல் அது 28 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013-இல், புகழ்பெற்ற ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ, அந்த அட்டையின் விளிம்புகளைத் தாமே நறுக்கிச் சீர்செய்ததாகச் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நறுக்கப்பட்ட அட்டைக்கு எண் மதிப்பெண் வழங்குவதில்லை என்பது பி.எஸ்.ஏ.வின் சொந்த விதி. அந்நிறுவனத்தின் முதற் சான்றே அவ்விதிக்கு முரணாக அமைந்தது. 2019-இலும் இணையத்தில் சில ஆர்வலர்கள் பழைய ஏலப் படங்களையும் புதிய படங்களையும் அருகருகே வைத்து, சீர்செய்யப்பட்ட அட்டைகள் உயர் மதிப்பெண்ணோடு பேழைக்குள் உறங்குவதை வரிசையாக வெளிப்படுத்தினர். அதைக் கண்டுபிடித்தவர்கள் எந்தக் கட்டணமும் பெறாதவர்கள் என்பது கருதத் தக்கது.

கட்டணம் என்றதும் இன்னொன்று. பல தரமிடல் நிறுவனங்களின் கட்டணம் அட்டையின் மதிப்பைப் பொறுத்து ஏறுகிறது. உயர்ந்த மதிப்பெண் பெற்று அட்டையின் விலை மேல்படிக்குச் சென்றால், கூடுதல் கட்டணமும் கேட்கப்படும். அதாவது, மதிப்பிடுபவரின் வருவாய் அவரே இடும் மதிப்பெண்ணோடு பிணைந்துள்ளது. அனுப்புபவரே பணம் தருபவர். பின்னாளில் வாங்கப்போகும் நீங்கள் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. இதே அமைப்பைக் கடன் தர மதிப்பீட்டில் நாம் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் முதலீட்டாளர்கள் பணம் கொடுத்து வாங்கிய மதிப்பீட்டுக்கு, 1970-களிலிருந்து கடன் வாங்கும் நிறுவனங்களே பணம் கொடுக்கத் தொடங்கின. 2018-இல் ஐ.எல்.எஃப்.எஸ். குழுமம் தவணை தவறுவதற்குச் சில மாதங்கள் முன்வரை அதன் பத்திரங்கள் உச்சத் தரத்தில்தான் வைக்கப்பட்டிருந்தன. மதிப்பிடுவோர் அனைவரும் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. தரமிடல் நிறுவனத்துக்குத் தன் நற்பெயரே முதல். அதை அவர்கள் எளிதில் இழக்கமாட்டார்கள். ஆயினும் ஐயத்துக்குரிய அட்டை கையில் இருக்கும்போது எப்பக்கம் சாயலாம் என்பதில் ஊக்குவிப்பு எத்திசையில் தள்ளுகிறது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒவ்வொரு நிறுவனமும் எந்த அட்டை எத்தனை முறை எந்த மதிப்பெண் பெற்றது என்னும் பட்டியலை வெளியிடுகிறது. 'பத்து பெற்றவை இத்தனையே' என்னும் வரிக்காகவே விலை ஏறுவதுண்டு. ஆனால் அந்த எண் குறைவதில்லை என்பதே நடைமுறை, வளர்கிறது. 1950-களின் அட்டை என்றால், உலகில் எஞ்சியிருப்பவற்றுள் சிறந்தவை பெரும்பாலும் முன்பே பேழைக்குள் வந்துவிட்டன. இனி வெள்ளமாக வர வழியில்லை. சென்ற ஆண்டு அச்சிடப்பட்ட அட்டைக்கு அப்படியன்று. வீடுகளில், கடைகளில், பிரிக்காத பெட்டிகளில் இலட்சக்கணக்கில் கிடக்கும். இன்று ஐம்பதாக உள்ள பத்துகள் ஈராண்டில் ஐயாயிரமாகலாம். 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளிய அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்று 'குப்பை மெழுகுக் காலம்' என்று கேலி செய்கின்றனர். அக்காலத்தில் அட்டைகள் மெழுகுத்தாளில் பொதியப்பட்டு வந்தன. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் என்று எண்ணிப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்தோர் வீடுகளில் அவை இன்றும் இருக்கின்றன. நம் விடுதி இளைஞர்கள் வாங்குவது பெரும்பாலும் இவ்வகைப் புது அட்டைகளையே.

ஆகவேதான் உச்ச மதிப்பெண்ணைத் தவிர்க்கச் சொல்கிறேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது. பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு இரண்டையும் காட்டினால் எது பத்து என்று சொல்ல முடியாத ஒருவர், அந்த வேறுபாட்டுக்கு மூன்று மடங்கோ பத்து மடங்கோ விலை தருவது அட்டைக்காக அன்று. ஒரு மனிதரின் ஒருநாள் கருத்துக்காக. கருத்து மாறலாம், எண்ணிக்கை பெருகலாம், தரமிடல் அளவுகோல் இறுகலாம். மூன்றும் பத்தின் விலையைத்தான் முதலில் தாக்கும். பழைய, புகழ் நிலைபெற்ற அட்டையொன்றின் நடுத்தர மதிப்பெண் பிரதி, ஐந்தோ ஆறோ பெற்றது, இந்த ஆபத்துகளுக்கு அவ்வளவாக ஆட்படாது. ஆறு ஐந்தரையானால் வானம் இடிந்து விழாது. அங்கே சான்று செய்யும் பணியும் வேறு: 'இது போலியன்று, நறுக்கப்பட்டதன்று' என்பதே அதன் முதற்பொருள், எண் இரண்டாம்பட்சம். புதியவர்க்குத் தேவையானதும் அந்த முதற்பொருள்தான். அதிலும் சான்று தவறலாம் என்பதை வாக்னர் அட்டை காட்டியது. ஆயினும் புதியவரின் கண்ணைவிட அது பன்மடங்கு நம்பத்தக்கது.

ஜின், கேட்டோ இருவரும் ஜான் லிஸ்டோடு சேர்ந்து 2010-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை இதற்குத் துணை நிற்கிறது. முதலில் வந்த தொழில்முறைச் சான்று, அனுபவமற்றவர்க்குப் புதிய தகவலைத் தருகிறது. பழுத்த வணிகர்க்கோ ஏறக்குறைய எதையும் தருவதில்லை என்று அவர்கள் காட்டினர். வணிகர் அட்டையைக் கையில் எடுத்ததுமே அறிந்துவிடுகிறார். சான்றில்லா அட்டைகளை வாங்கிப் பழகினால்தானே அந்தக் கண் வரும் என்று ஒரு மாணவர் வாதிட்டார். நியாயமான வாதம். கண் பழக வேண்டுமாயின் ஒன்றிரண்டு டாலர் பெறும் அட்டைகளை வாங்கி, உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, தாமே மதிப்பெண் இட்டு, சான்று பெற்றவற்றோடு ஒப்பிட்டுப் பழகலாம். அது பயிற்சிச் செலவு. புத்தகம் வாங்குவது போல. அதை முதலீட்டுக் கணக்கில் எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நடைமுறைக்குச் சில சொற்கள். பேழைகளுக்கும் போலிகள் உண்டு. உண்மையான அட்டையின் தொடரெண்ணைத் திருடி வேறோர் அட்டைக்குப் பெயர்ச்சீட்டு அடிப்பதும் நடக்கிறது. நிறுவனத் தளத்தில் எண்ணைச் சரிபார்ப்பதோடு, அங்கே படம் இருந்தால் அட்டையின் மையப் போக்கையும் அச்சுப் புள்ளிகளையும் ஒப்பிட வேண்டும். அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் பத்து, பி.எஸ்.ஏ.வின் பத்து விலைக்குப் போகாது. விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் முடிந்த விற்பனைகளின் விலையைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டவர்களிடம் சொன்னேன். அட்டை வட்டி தராது, ஈவுத்தொகை தராது. வாங்கும்போது ஒருமுறையும் விற்கும்போது ஒருமுறையும் இடையில் நிற்பவர் பங்கு எடுத்துக்கொள்வார். ஐந்தில் ஒரு பங்கு விலை ஏறினாலும் நம் ஊரிலிருந்து வாங்கி விற்பவர்க்கு ஏதும் மிஞ்சாமல் போகலாம். நம் உதவித்தொகை ஒழுங்காக வருவதில்லை என்பதை இங்கே எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் அது நின்றுபோய், உணவகப் பாக்கியும் அறை வாடகையும் கழுத்தைப் பிடிக்கும் நாளில், பேழையை விற்க ஒரு வாங்குபவரைத் தேடி, அயல்நாட்டுக்கு அனுப்பி, அது போய்ச் சேர்ந்து பணம் வர இரண்டு மாதம் ஆகும். அவசரமாக விற்பவர்க்கு உள்ளூரில் கிடைப்பது பாதி விலை. ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் இருப்பவர் மட்டும் அட்டையைப் பற்றி என்னிடம் பேச வரலாம்.